"வேலையில் ஈடுபாடு இல்லை": வட ஆஸ்திரேலியக் கிளினிக் ஒன்றில் காது கேளாமை பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் வடபிரதேசத்தில், டார்வினிலிருந்து தெற்கே சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி கேத்தரின் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிப் பூர்வகுடி மக்களின் சிறு குடியிருப்புகள். இந்த ஆய்வில் வரும் கிளினிக் அப்படி ஒரு குடியிருப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் ஊழியரோ, அவருடைய அக்காவோ, மேனேஜரோ தனிப்பட்ட ஒரு நபர் அல்ல. இதுபோன்ற பணியிடங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைச் சேர்த்து ஒரே நிகழ்வாக எழுதியிருக்கிறேன். மருத்துவ விவரங்களும் சட்ட விவரங்களும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் உள்பகுதி மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் தமிழ் பேசும் மருத்துவர்களும் நர்சுகளும் வேலை செய்கிறார்கள். பூர்வகுடி ஊழியர்களோடு தினமும் ஒரே அறையில் நிற்பவர்கள் அவர்கள். அவர்களில் சிலராவது இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

புகார்கள்

ஊழியருக்கு 34 வயது. பூர்வகுடி சுகாதாரப் பணியாளராகப் பயிற்சியில் சேர்ந்தவர். வீட்டில் பேசுவது கிரியோல், ஆங்கிலச் சொற்களை வைத்து அங்கே உருவான கலப்பு மொழி. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் நான்காவது மாதம் மேனேஜர் மதிப்பீடு எழுத உட்கார்ந்தபோது, ஃபைலில் புகார்கள் ஏற்கெனவே சேர்ந்திருந்தன.

காலை மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்கிறார், அப்புறம் வேறு எதையோ செய்கிறார். ஃபோன் அடித்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. கையால் இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னால் தட்டிக்கழித்துவிட்டு மெஷினைத் தேடுகிறார். கேத்தரினில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு முதல் நாள் போனார், இரண்டாம் நாள் போகவில்லை. ஒரு நர்ஸ் நேரடியாகவே எழுதியிருந்தார்: "வேலையில் ஈடுபாடு இல்லை."

அதே ஃபைலில் இதற்கு நேர் எதிரான குறிப்புகளும் இருந்தன. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் இவரை மிஞ்ச ஆளில்லை. யார் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், எந்தப் பாட்டி மகள் வீட்டுக்கு மாறிப் போயிருக்கிறார் என்பதெல்லாம் விரல்நுனியில். ஊசிக்குப் பயப்படும் குழந்தை இவரிடம் மட்டும் கையை நீட்டும். ஒரே ஆள் வெளியே இவ்வளவு கெட்டிக்காரராகவும் உள்ளே இவ்வளவு மந்தமாகவும் இருப்பது எப்படி என்று நான்கு மாதமாக யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குக் காரணம், எல்லாரிடமும் ஏற்கெனவே ஒரு விளக்கம் தயாராக இருந்ததுதான். புதிதாக வந்தவர்கள் "அக்கறை இல்லை" என்றார்கள். பல வருடம் அங்கேயே இருந்த, நல்லெண்ணம் உள்ளவர்கள் "இது அவர்கள் பண்பாடு, கூச்ச சுபாவம், வற்புறுத்தாதீர்கள்" என்றார்கள். என்னைக் கேட்டால், இரண்டாவது விளக்கம்தான் அதிகக் கெடுதல் செய்தது. முதலாவதைச் சொன்னால் யாராவது எதிர்த்துப் பேசுவார்கள். இரண்டாவது மரியாதையாகத் தெரிவதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பண்பாட்டு விளக்கத்தில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல் இருக்கக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லிவிடும் வழக்கம் பூர்வகுடி மக்களிடையே உண்டு. மொழியியலாளர் டயானா ஈட்ஸ், நீதிமன்றங்களில் இது எவ்வளவு பெரிய அநியாயத்துக்கு இடம் கொடுக்கிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் இந்த ஊழியரின் "சரி"க்குப் பின்னால் அதைவிட எளிய காரணம் இருந்தது. சொன்னது பாதி காதில் விழவில்லை.

ரோஸ்டர் காட்டியது

விஷயம் வெளியே வந்தது ஒரு டியூட்டி ரோஸ்டரால். அதே கிளினிக்கில் ஊழியரின் பெரியம்மா மகள் மூத்த சுகாதாரப் பணியாளராக இருந்தார். நம்மைப் போலவே அங்கேயும் பெரியம்மா மகள் சொந்த அக்காதான். அந்த அக்கா ஒரு துக்க வீட்டுக்காக இரண்டு வாரம் லீவில் போனார். புகார்களின் தேதிகளை மேனேஜர் ரோஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பாதிக்கு மேல் அந்த இரண்டு வாரத்துக்குள் விழுந்திருந்தன. மிச்சமும் பெரும்பாலும் அக்கா வேறு ஷிஃப்டில் இருந்த நாட்கள்.

அக்கா திரும்பி வந்ததும் மேனேஜர் கேட்டார். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே காது சரியாகக் கேட்காது. நான் பக்கத்திலே நின்று மறுபடி சொல்லிவிடுவேன்." குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்த சேதி அது. அங்கே யாரும் அவரைத் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை. எதிரே வந்து நின்று, கையைக் காட்டி, அப்புறம்தான் பேசுவார்கள். எல்லாரும் தங்களை மாற்றிக்கொண்டிருந்ததால் வீட்டில் அது ஒரு குறையாகவே இல்லை. கிளினிக்குக்குள் நுழைந்த பிறகுதான் குறையானது.

காதில் என்ன இருந்தது

சில வாரங்களில், குழந்தைகளின் காதுகளைப் பரிசோதிக்க வந்த செவித்திறன் நிபுணர் இவரையும் பார்த்தார். வலது செவிப்பறையில் ஓட்டை. இடது செவிப்பறையில் பழைய தழும்பு, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஆடியோகிராமில், அதாவது செவித்திறனை அளந்து காட்டும் வரைபடத்தில், வலது காதில் சராசரியாக 45 டெசிபல் இழப்பு, இடதில் 32. சாதாரணக் காது 20 டெசிபலுக்குள் இருக்கும் ஒலியையே பிடித்துவிடும். எலும்பு வழியாக ஒலியைச் செலுத்திச் சோதித்தால் இரண்டு காதும் கிட்டத்தட்ட சரியாகவே கேட்டன. அதாவது உள்காதும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, கோளாறு நடுக்காதில்.

இதன் கதை பிறந்த சில மாதங்களில் தொடங்குகிறது. நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகள் குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் மிகச் சீக்கிரம் குடியேறி நடுக்காதுக்குப் போகின்றன. ஒரே வீட்டில் மூன்று குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் நிலை, ஒழுங்காக ஓடாத குழாய், புகை, மருத்துவ வசதியின் தூரம் எல்லாம் சேர்ந்து நோயைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகின்றன. செவிப்பறை கிழிந்து சீழ் வடிகிறது, ஆறுகிறது, மறுபடி வடிகிறது. ஒரு மக்கள் தொகையில் குழந்தைகளில் 4 சதவீதத்துக்கு மேல் நாள்பட்ட சீழ் வடியும் காது இருந்தால், அதை உடனடியாகக் கவனிக்க வேண்டிய பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வடபிரதேசத்தின் பல குடியிருப்புகளில் அந்த அளவைப் பல மடங்கு தாண்டிப் பதிவாகியிருக்கிறது. டார்வினிலுள்ள மென்சீஸ் ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதன் பின்னால் இருக்கிறது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் செனட் குழு 2010-லும், பிரதிநிதிகள் சபைக் குழு 2017-லும் செவிநலம் பற்றி விசாரித்து அறிக்கை கொடுத்தன. கவனம் பெரும்பாலும் குழந்தைகள் மேல்தான். அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்கு வருகிறார்கள் என்பதை அலுவலகங்கள் யோசிப்பதில்லை.

டார்வினைச் சேர்ந்த உளவியலாளர் டேமியன் ஹோவர்ட் போன்ற வெகு சிலரே பணியிடங்களில் இது என்ன செய்கிறது என்று தொடர்ந்து எழுதிவந்தார்கள். டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிறைகளில் பூர்வகுடிக் கைதிகளைச் சோதித்து 2012-ல் வெளியான ஆய்வில் அவருக்கும் பங்கு உண்டு. சோதிக்கப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோருக்குக் குறிப்பிடத்தக்க செவித்திறன் இழப்பு இருந்தது. போலீஸ்காரர், ஆசிரியர், மேலதிகாரி என்று எத்தனை பேர் இவர்களிடம் பேசி, பதில் வராததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

இந்த வகை இழப்பை ஏன் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதற்கு மூன்று காரணங்கள் இந்த நிகழ்விலேயே இருக்கின்றன. முதலாவது, இவர் மெதுவாகப் பேசுவார். காது கேளாதவர் சத்தமாகப் பேசுவார் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். உள்காது பழுதானவர்கள் அப்படித்தான். நடுக்காது அடைத்தவர்களுக்கு நேர் எதிர். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், உங்கள் குரல் உங்களுக்கே பெரிதாகக் கேட்கும், தானாகத் தணித்துவிடுவீர்கள். எல்லாரும் கூச்சம் என்று நினைத்தது இதைத்தான்.

இரண்டாவது, இழப்பு நாளுக்கு நாள் மாறும். சளி பிடித்தால் மோசமாகும், காது காய்ந்திருந்தால் பரவாயில்லை. நேற்று கேட்டவருக்கு இன்று கேட்கவில்லை என்றால், நடிக்கிறார் என்றுதான் சக ஊழியருக்குத் தோன்றும். மூன்றாவது, சிறுவயதில் ஆண்டுக்கணக்கில் ஒலி சரியாக வராததால், இரைச்சலுக்கு நடுவே வேண்டிய குரலை மட்டும் பிரித்தெடுக்கும் திறன் மூளையில் முழுதாக வளராமல் போகலாம். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் பூர்வகுடிக் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்திருக்கிறது. ஓட்டையை அடைத்த பிறகும் இந்தச் சிரமம் தங்கிவிடக்கூடும்.

கிளினிக்கின் மீட்டிங் அறையை இதோடு சேர்த்துப் பாருங்கள். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுவரில் பழைய ஏசி, மூலையில் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல் அளவில் இருக்கும். தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டர் தள்ளிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு 48. அறைக்குள் சுவரில் மோதித் திரும்புவதால் கொஞ்சம் கூடும், ஆனால் எதிரொலி சொற்களைக் குழப்பிவிடும். 45 டெசிபல் இழந்த காதுக்கு மிஞ்சுவது என்ன? அதன் மேல் ஏசியின் ரீங்காரம் வேறு.

ஆங்கிலம் இதை இன்னும் கடினமாக்குகிறது. ஸ, ஃப போன்ற உரசொலிகள் மெலிந்தவை, முதலில் காணாமல் போவது அவைதான். பெரும்பாலான பூர்வகுடி மொழிகளில் அவை கிடையவே கிடையாது. ட, ண, ள என்று நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் நம் மொழியைப் போலவே நிறைய இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக வந்த காது நோய்க்கும் இந்த ஒலி அமைப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ புட்சர் ஒரு கருத்தை முன்வைத்தார். அது ஊகம்தான். ஆனால் கிளினிக்கில் "ஃபிஃப்டீன்" என்பதும் "ஃபிஃப்டி" என்பதும் ஒன்றாகக் கேட்பது ஊகம் அல்ல. 15 மில்லிகிராமா, 50 மில்லிகிராமா என்று தெரியாமல் மாத்திரை எடுத்துக்கொடுக்க பயந்துதான், ஒவ்வொரு முறையும் அவர் அக்காவைத் தேடிப் போனார். பொறுப்பில்லாதவர் செய்கிற காரியமா அது? வெளிநாட்டு உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் நம்மவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். மருந்தின் அளவை வாயால் மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள்.

முதலில் வாங்கியது கருவி

பரிசோதனை முடிந்ததும் கிளினிக்கின் முதல் யோசனை காது மெஷின். நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்குவதே சிக்கலாக இருந்தது. மத்திய அரசின் செவித்திறன் திட்டத்தில் 26 வயதுக்கு உட்பட்டவர்களும் 50 வயதைத் தாண்டிய பூர்வகுடி மக்களும் வருகிறார்கள். ஓய்வூதியக்காரர்களும் வருகிறார்கள். நடுவயதில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார். உழைக்கும் வயதில்தான் காது அதிகம் தேவை, அந்த வயதுக்குத்தான் திட்டத்தில் ஓட்டை. இதைச் சரிசெய்யாமல் பூர்வகுடி வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கருவி எப்படியோ வந்தது. காதுக்குள் அடைத்து வைக்கும் அச்சு. இரண்டு வாரத்தில் வலது காதில் மறுபடி சீழ். காற்றோட்டம் இல்லாமல் அடைபட்ட காதில் அப்படித்தான் ஆகும். ஏசி சத்தத்தையும் கருவி சேர்த்துப் பெரிதாக்கியது. அவர் அதைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டார். "வாங்கிக் கொடுத்தும் போடுவதில்லை" என்று ஃபைலில் இன்னொரு வரி ஏறியது.

பிறகு இடத்தை மாற்றினார்கள்

அடுத்த முயற்சி மேனேஜர், அக்கா, ஊழியர் மூவரும் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது. ஊழியர் ஒரு நிபந்தனை வைத்தார்: தன் காதைப் பற்றி எல்லாருக்கும் அறிவிக்கக் கூடாது. அதனால் மாற்றங்கள் யாவும் எல்லாருக்குமானவையாகவே வந்தன. யோசித்துப் பார்த்தால் அது நல்லதாகவே முடிந்தது.

மீட்டிங்கை வெயில் ஏறும் முன் காலை ஏழரைக்கு மாற்றி, அந்த இருபது நிமிடம் ஏசியை நிறுத்தினார்கள். வரிசை நாற்காலிகள் வட்டமாயின. பேசுபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது, ஏனென்றால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. அன்றைய வேலைகள் வெள்ளைப் பலகையில் எழுதப்பட்டன. சுவரில் ஒலி உறிஞ்சும் பலகைகளும், சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும் ஃபோனும் வேண்டும் என்று ஜாப்ஆக்சஸ் என்ற அரசு சேவை மூலம் விண்ணப்பித்தார்கள். மாற்றுத்திறன் கொண்ட ஊழியருக்குப் பணியிடத்தில் தேவையான கருவிகளுக்கும் மாற்றங்களுக்கும் பணம் தரும் அரசு நிதி அதன் வழியாகத்தான் கிடைக்கிறது. 1992-ன் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்படி நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டியது முதலாளியின் கடமையும் கூட.

பேசும் முறை மாறியதுதான் நிஜமான மாற்றம். முதலில் எதிரே வந்து கவனத்தைப் பெறு. எதைப் பற்றிப் பேசப்போகிறாய் என்று சொல்லிவிட்டுப் பேசு. புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைக் கத்தாதே, வேறு சொற்களில் சொல். "புரிந்ததா?" என்று கேட்டால் "சரி"தான் வரும். "இதை எப்படிச் செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் என்ன காதில் விழுந்தது என்று தெரிந்துவிடும்.

இரத்த அழுத்த விஷயம் தனிக்கதை. கைப்பட்டையில் காற்றை இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் வரும் துடிப்பொலி மிக மெல்லியது. வலது காதில் அது வரவேயில்லை, இடதில் பாதியில்தான் தொடங்கியது. அதனால் மேல் அளவு எப்போதும் குறைவாக வந்தது. தான் எடுக்கும் அளவு மெஷின் அளவோடு பொருந்தவில்லை என்று அவரே கவனித்துத்தான் கையால் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். ஒலியைப் பெருக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப்பை, காதுக்குள் நுழையாமல் வெளியே மூடும் ஹெட்ஃபோனோடு இணைத்துக் கொடுத்தார்கள். முதல் நாளே நர்ஸ் எடுத்த அளவும் இவர் எடுத்த அளவும் ஒன்றாக வந்தன. அதே நர்ஸ்தான் "ஈடுபாடு இல்லை" என்று எழுதியவர். அந்தக் குறிப்பை மாற்றி எழுத அவரே முன்வந்தார்.

பயிற்சிக்குக் காதுக்குள் போகாத, எலும்பு வழி ஒலி கடத்தும் ஹெட்செட் ஒன்று கிடைத்தது. பேசுபவர் சட்டையில் சிறு மைக். வகுப்புகளுக்கு அது உதவியது, கிளினிக் வேலைக்கு அவர் அதைப் போடுவதில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. பயிற்சியாளரிடம், முதலில் செய்து காட்டுங்கள், அப்புறம் விளக்குங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அக்காவோடு சேர்த்தே அனுப்பினார்கள். முன்பு இரண்டாம் நாள் போகாததன் காரணமும் தெரிந்தது. முதல் நாள் முழுக்க உதட்டையே பார்த்துப் பார்த்துத் தலை வெடிக்கும் வலி.

கை ஜாடையையும் சொல்ல வேண்டும். மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களிடமும், அர்னம் லாந்தின் யோல்ங்கு மக்களிடமும் முழு வளர்ச்சி பெற்ற சைகை மொழிகள் உண்டு. காது கேட்பவர்களும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். துக்கத்தில் பேசாதிருக்கும் பெண்கள், வேட்டையில் சத்தம் போடக் கூடாதவர்கள், தூரத்தில் நிற்பவர்கள் எல்லாருக்கும் கைதான் வாய். இந்தக் கிளினிக்கிலும் அக்காவும் தங்கையும் அறையின் இரு மூலைகளிலிருந்து கையாலேயே பேசிக்கொண்டார்கள். நர்சுகள் அதில் ஏழெட்டு ஜாடைகளைக் கற்றுக்கொண்டார்கள்: ஆம்புலன்ஸ், கொஞ்சம் பொறு, டாக்டரைக் கூப்பிடு, காய்ச்சல். அவசர நேரத்தில் கத்துவதைவிட வேகமாக வேலை நடந்தது.

சரியாகாதவை

தகுதிகாண் பருவத்தை மூன்று மாதம் நீட்டினார்கள், அதன் முடிவில் வேலை உறுதியானது. ஃபோன் மட்டும் இன்னும் அவருக்குக் கஷ்டம்தான். முன்மேசை டியூட்டியிலிருந்து அவரை விடுவித்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலையைக் கூட்டிக் கொடுத்தார்கள். செவிப்பறை ஓட்டையை அடைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். டார்வின் போய், குடும்பத்தை விட்டுத் தங்க வேண்டும் என்பதால் இன்னும் முடிவு செய்யவில்லை.

அக்காவின் சுமையைத்தான் எல்லாரும் கடைசியாகப் பார்த்தார்கள். நான்கு மாதமாகத் தன் வேலையோடு தங்கையின் காதாகவும் இருந்தவர் அவர். அதற்குப் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. இப்போது அது அவருடைய பணி விவரத்தில் எழுதப்பட்டு நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு தொல்லை, சில வாரங்களுக்கு மட்டும் வந்து போகும் தற்காலிக நர்சுகள். ஒவ்வொருவருக்கும் பேசும் முறையை முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது. வருபவர்களுக்கு முதல் நாளே கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு தயாராகியிருக்கிறது, அதில் யாருடைய பெயரும் இல்லை. அதைப் படித்துவிட்டு வேறு ஊழியர்களும் தாங்களாகவே வந்து காதைச் சோதித்துக்கொண்டார்கள்.

இந்த நிகழ்வைப் பார்த்துவிட்டு, வேலைக்கு எடுக்கும் முன்பே எல்லாருக்கும் காது பரிசோதனை வைத்துவிடலாம் என்று நினைக்கும் நிறுவனங்கள் இருக்கும். சுரங்கம் போன்ற இரைச்சலான தொழில்களில் பரிசோதனை அவசியம்தான். எட்டு மணி நேர சராசரியில் 85 டெசிபல் என்ற வரம்பு இருக்கிறது. காதுக் கவசம் அடிக்கடி தேவைப்படும் ஊழியரை வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் சோதிக்க வேண்டும் என்று மாதிரிப் பணிப் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலானோருக்கு சிறுவயதிலேயே காது பழுதான ஒரு சமூகத்தில், வாசலில் வைக்கிற பரிசோதனை ஆளை வெளியே அனுப்பும் கருவியாகிவிடும். பரிசோதனையை வேலை உறுதியான பிறகு வையுங்கள். அறிக்கை ஊழியர் கையில் இருக்கட்டும், யாருக்குச் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை, மீட்டிங் அறையின் ஏசியை நாளைக் காலையே நிறுத்தலாம்.